சின்ன கேபினெட், சரியான எஸ்.எம்.பி.எஸ்.: டெஸ்க்டாப் சப்போர்ட்டில் பெயர் வாங்கும் வழி

டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருக்கும் எல்லோருக்கும் விண்டோஸ் போடத் தெரியும். பாஸ்வேர்டு ரீசெட் செய்யத் தெரியும். பிரின்டரில் சிக்கிய பேப்பரை உருவத் தெரியும். இதையெல்லாம் வைத்து அப்ரைசலில் யாரும் உங்களைத் தனியாகக் கவனிக்கப் போவதில்லை. பக்கத்து சீட்காரரும் இதையேதான் செய்கிறார். நீங்கள் காத்திருக்கும் அதே எல்-2 பொசிஷனுக்குத்தான் அவரும் காத்திருக்கிறார். உங்களுக்கும் அவருக்கும் உள்ள வித்தியாசம் மேலதிகாரி கண்ணில் படும்படியான வேலைகள் கொஞ்சம்தான். அவற்றில் ஒன்று, சின்ன சைஸ் டெஸ்க்டாப் ஒன்று டெட் ஆகும்போது அதற்குச் சரியான எஸ்.எம்.பி.எஸ். தேர்ந்தெடுப்பது.

பெரிய டவர் கேபினெட் என்றால் இதில் திறமைக்கு வேலை குறைவு. எந்தக் கடையிலும் கிடைக்கும் ஏ.டி.எக்ஸ். யூனிட் அதில் உட்காரும். ஆனால் பேங்க் கவுன்டர், ஆஸ்பத்திரி ரிசப்ஷன், ஸ்கூல் லேப், பி.பி.ஓ. ஃப்ளோர் எங்கே பார்த்தாலும் இப்போது இருப்பவை ஸ்மால் ஃபார்ம் ஃபாக்டர் மெஷின்கள். உள்ளே விரல் நுழைய இடம் இருக்காது. சைஸ் வேறு, பிளக் வேறு, வோல்டேஜ் வேறு. தப்பான யூனிட் வாங்கினால் டிக்கெட் ரீஓபன் ஆகும், பர்ச்சேஸ் டிபார்ட்மென்ட் ரிட்டர்னுக்கு அலையும், யூசர் இரண்டு நாள் சும்மா உட்கார்ந்திருப்பார். அத்தனைக்கும் கால் ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் இருக்கும். ஒரே வாங்கலில் வேலை முடிந்தால் அதிலும் உங்கள் பெயர்தான். இனி வேலைக்கு வருவோம்.

1. ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன் வாரன்ட்டியைப் பாருங்கள்.

சர்வீஸ் டேகையோ சீரியல் நம்பரையோ கம்பெனி சைட்டில் போட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆன்சைட் வாரன்ட்டி மிச்சம் இருந்தால் கால் லாக் செய்யுங்கள். அவர்களே ஒரிஜினல் பார்ட் கொண்டுவந்து மாற்றுவார்கள். இதைப் பார்க்காமல் கேபினெட்டைத் திறந்து, வெளியே காசு கொடுத்து வாங்குகிற இன்ஜினியர்கள் நிறையப் பேர். கம்பெனிக்கு மிச்சம் பிடித்துக் கொடுத்த தொகையை மாதக் கடைசி ரிப்போர்ட்டில் ஒரு வரியாக எழுதுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் அது யாருக்கும் தெரியாது.

2. போனது எஸ்.எம்.பி.எஸ்.தான் என்று உறுதி செய்யுங்கள்.

‘ஆன் ஆகவில்லை’ என்ற கம்ப்ளைன்ட்டுக்கு எஸ்.எம்.பி.எஸ். மட்டுமே காரணமாக இருக்காது. சுவர் சாக்கெட், ஸ்பைக் பஸ்டர், பவர் கார்டு மூன்றையும் முதலில் மாற்றிப் பாருங்கள். பிறகு கேபினெட்டின் பின்பக்கம். டெல் ஆப்டிபிளக்ஸ் வரிசையில் பல மாடல்களில் சப்ளையின் மேலேயே ஒரு சின்ன டெஸ்ட் பட்டனும் எல்.இ.டி.யும் இருக்கும். கார்டு செருகிய நிலையில் பட்டனை அழுத்தினால் லைட் எரிய வேண்டும். எரியாவிட்டால் உள்ளே போகும் கனெக்டர்களைப் பிடுங்கிவிட்டு மறுபடி அழுத்துங்கள். அப்போது எரிந்தால் சப்ளை நன்றாகத்தான் இருக்கிறது; போர்டிலோ டிரைவிலோ ஷார்ட். அப்போதும் எரியாவிட்டால் சப்ளை போய்விட்டது. இந்த ஒரு பட்டன் தெரியாமல் மதர்போர்டுக்குக் கொட்டேஷன் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

ஆன் ஆகி, வேலை நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகும் மெஷினுக்கு வேறு வழி. ஈவென்ட் வியூவரில் கெர்னல்-பவர் 41 வரிசையாக இருக்கிறதா பாருங்கள். அது காரணத்தைச் சொல்லாது. ஷட்டவுன் ஆகாமலே கரன்ட் போனது போல மெஷின் நின்றது என்பதை மட்டும் சொல்லும். எந்த நேரத்தில், என்ன லோடில் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரேமைக் கழற்றிச் சுத்தம் செய்து, பிராசஸர் சூட்டையும் பார்த்துவிட்டு, நன்றாக ஓடுகிற அதே மாடல் மெஷினின் சப்ளையை மாட்டிப் பாருங்கள். பிரச்சினை நின்றால் முடிவு தெரிந்துவிட்டது.

24 பின் கனெக்டர் உள்ள வழக்கமான யூனிட்டில் பச்சை வயரையும் ஏதாவது ஒரு கறுப்பு வயரையும் இணைத்தால் சப்ளை தனியாக ஓடும். மல்டிமீட்டரில் மஞ்சள் 11.40 முதல் 12.60 வரை, சிவப்பு 4.75 முதல் 5.25 வரை, ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரை காட்ட வேண்டும். ஆனால் பிராண்டட் சின்ன மெஷின்களின் சொந்தக் கனெக்டர்களில் இந்தக் கலர் கணக்கை நம்பி வயரைக் குத்தாதீர்கள். எந்த யூனிட்டின் பெட்டியையும் திறக்கவே வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் உயிருக்கு ஆபத்தான சார்ஜ் நிற்கும்.

3. அளவை ஸ்கேல் வைத்து எடுங்கள்.

கண் மதிப்பு இங்கே உதவாது. வழக்கமான ஏ.டி.எக்ஸ். யூனிட் 150 மி.மீ. அகலம், 86 மி.மீ. உயரம். சின்ன கேபினெட்டுக்கு வரும் எஸ்.எஃப்.எக்ஸ். 125 அகலம், 63.5 உயரம், 100 ஆழம். நீளமாக, ஒல்லியாக இருக்கும் டி.எஃப்.எக்ஸ். 85 அகலம், 65 உயரம், 175 ஆழம். ஃப்ளெக்ஸ் ஏ.டி.எக்ஸ். அதைவிடத் தட்டை: 81.5 அகலம், 40.5 உயரம், 150 ஆழம். அசெம்பிள் செய்த சின்ன கேபினெட்டாக இருந்தால் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான்.

பிராண்டட் மெஷினில் இந்த அளவுகள் அப்படியே வராது. ஒரு மூலை வெட்டியிருக்கும், ஸ்க்ரூ ஓட்டை இரண்டு மி.மீ. தள்ளியிருக்கும், ஃபேன் காற்று இழுக்கும் பக்கம் மாறியிருக்கும். பிராசஸருக்கு மேலிருந்து காற்றை இழுத்து வெளியே தள்ளும் வேலையையும் சில மெஷின்களில் இந்த ஃபேனே செய்கிறது. திசை மாறிய யூனிட்டை மாட்டினால் சிஸ்டம் ஆன் ஆகும், ஆனால் மதியத்துக்குள் சூடேறி ஸ்லோ ஆகும். அகலம், உயரம், ஆழம், ஸ்க்ரூ ஓட்டைகள், பவர் சாக்கெட் இருக்கும் மூலை, ஃபேன் பக்கம் இந்த ஆறையும் போட்டோ எடுத்து டிக்கெட்டில் அட்டாச் செய்யுங்கள்.

4. கனெக்டரில்தான் பெரும்பாலானவர்கள் கோட்டை விடுகிறார்கள்.

ஒரு நிஜ மாடலை வைத்துப் பார்ப்போம். 2013-இல் வந்த டெல் ஆப்டிபிளக்ஸ் 9020 இன்றும் ரீஃபர்பிஷ்டு மார்க்கெட்டில் ஓடுகிறது. கடைக்குப் போய் ‘9020-க்கு எஸ்.எம்.பி.எஸ். கொடுங்கள்’ என்று கேட்பது பாதிக் கேள்விதான். அந்த ஒரே பெயரில் மினி டவருக்கு 290 வாட், ஸ்மால் ஃபார்ம் ஃபாக்டருக்கு 255 வாட், அல்ட்ரா ஸ்மாலுக்கு 200 வாட் என்று தனித்தனி சப்ளை. மைக்ரோவுக்கு உள்ளே சப்ளையே கிடையாது, வெளியே லேப்டாப் மாதிரி அடாப்டர்.

சரி, ஸ்மால் ஃபார்ம் ஃபாக்டர் 255 வாட் என்று தெரிந்துவிட்டது. இப்போது மெயின் பிளக்கைப் பாருங்கள். கடையில் தொங்கும் யூனிட்டுகளில் 24 பின் இருக்கிறது. இந்த போர்டில் 8 பின். பிராசஸருக்குத் தனியாக 4 பின். ஹார்ட் டிஸ்குக்கும் டி.வி.டி. டிரைவுக்கும் கரன்ட் சப்ளையிலிருந்து நேராகப் போவதில்லை, போர்டிலிருந்து போகிறது. அதாவது சப்ளை 12 வோல்ட்டைக் கொடுக்கிறது; 5 வோல்ட்டையும் 3.3 வோல்ட்டையும் போர்டே தயாரித்துக்கொள்கிறது. அதே வரிசையில் பின்னால் வந்த 7050-இல் இந்தப் பிளக்கும் மாறிவிட்டது. ஹெச்.பி. பல மாடல்களில் 6 பின் வைத்திருக்கிறது. லெனோவோ திங்க்சென்டரில் 14 பின்னும் 10 பின்னும் உண்டு. இன்டெல் 12 வோல்ட் மட்டும் போதும் என்று பொதுவாக வகுத்த ஏ.டி.எக்ஸ். 12 வி.ஓ. முறையின் மெயின் பிளக்கும் 10 பின்தான். பின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை இன்னொன்றில் செருகக் கூடாது. உள்ளே எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பது ஒவ்வொரு கம்பெனிக்கும் மாறும். போர்டு எரிந்தால் சில ஆயிரம் ரூபாய் வேலை பல ஆயிரத்துக்குப் போகும், அதன் ரிப்போர்ட்டை நீங்களே எழுத வேண்டியிருக்கும்.

‘கன்வெர்ட்டர் கேபிள் போட்டுக்கலாம் சார்’ என்று கடைக்காரர் சொல்வார். சில மாடல்களில் அது வேலை செய்யும். ஆனால் ஸ்டாண்ட்பையில் வழக்கமான யூனிட் கொடுப்பது 5 வோல்ட். 11, 12 வோல்ட் கேட்கும் போர்டுகளும் உண்டு. வெறும் வயர் மட்டும் உள்ள கன்வெர்ட்டரால் அவை எழும்பாது; வோல்டேஜை ஏற்றித் தரும் சின்ன சர்க்யூட் உள்ள கேபிள் வேண்டும். வீட்டில் சொந்த சிஸ்டத்துக்கு இந்தச் சோதனையைச் செய்யலாம். ஆபீஸ் மெஷினுக்கு, நூறு பேர் உட்காரும் ஃப்ளோரில், கேபினெட்டுக்கு வெளியே தொங்கும் சப்ளையும் கன்வெர்ட்டரும் வேண்டாம். எந்த அட்மின் மேனேஜருக்கும் அது பிடிக்காது, ஃபயர் சேஃப்டி ஆடிட்டில் மாட்டும்.

இன்னும் இரண்டு எச்சரிக்கை. மாடுலர் யூனிட்டில் கேபிளை மட்டும் மாற்றாதீர்கள். ஒரு பிராண்டின் கேபிள் இன்னொரு பிராண்டின் சாக்கெட்டில் நுழையும், பின் வரிசை மாறி ஹார்ட் டிஸ்கை எரித்துவிடும். டேட்டாவுடன் போன டிஸ்குக்கு நீங்கள் பதில் சொல்ல முடியாது. பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த மலிவான மோலெக்ஸ்-சாட்டா கன்வெர்ட்டரும் வேண்டாம். உள்ளே வயர்கள் ஒன்றோடொன்று ஒட்டித் தீப்பிடித்த கதைகள் இந்தத் தொழிலில் பழக்கமானவை.

ஆக, பிராண்டட் மெஷின் என்றால் பார்ட் நம்பர்தான் வழி. பழைய யூனிட்டை வெளியே எடுத்து ஸ்டிக்கரைப் பாருங்கள். டெல் யூனிட்டில் டி.பி./என். என்று தொடங்கும் எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு, ஹெச்.பி.யில் ஸ்பேர் பார்ட் நம்பர், லெனோவோவில் எஃப்.ஆர்.யூ. நம்பர். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் கடையோ ஆன்லைனோ, இந்த நம்பரைக் கொடுத்துக் கேட்பவரிடம் வெண்டரின் பேச்சே மாறும். தெரியாதவர் என்று நினைத்துக் கையில் இருப்பதைத் தள்ளிவிட மாட்டார்.

5. வாட் கணக்கைப் பேப்பரில் போடுங்கள்.

அதே 9020-இல் ஐ5-4590 பிராசஸர் என்று வைத்துக்கொள்வோம். பிராசஸர் 84 வாட். போர்டும் ஃபேனும் சுமார் 30. இரண்டு ரேம் சேர்த்து 6. ஹார்ட் டிஸ்க் 10. யூ.எஸ்.பி.யில் தொங்குபவைக்கு 10. மொத்தம் 140. முழு லோடிலும் 255 வாட் சப்ளைக்கு இது சாதாரணம். யூசருக்கு வேலை எக்செல்லும் பிரவுசரும் என்றால் இதில் பாதியைக்கூடத் தொடாது.

டிசைன் டீம் கிராஃபிக்ஸ் கார்டு கேட்டால் கணக்கு மாறும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் தரக்கூடியது அதிகபட்சம் 75 வாட். தனி பவர் பிளக் கேட்காத லோ புரொஃபைல் கார்டுகள் இந்த எல்லைக்குள் வருபவை. 140 உடன் 75 சேர்த்தால் 215, மிச்சம் 40. யூனிட் புதிதாக இருந்தால் ஓடும். எட்டு, ஒன்பது வருஷம் ஓடிய யூனிட்டை நம்பி நான் ‘சரி’ என்று எழுத மாட்டேன். தனியாக 6 பின், 8 பின் கேட்கும் கார்டு என்றால் அந்த மெஷினுக்கு ஆகாது என்று முதலிலேயே மெயிலில் சொல்லிவிடுங்கள். முடியாததை முடியும் என்று சொல்லி நல்ல பெயர் வாங்க முடியாது.

மறுபக்கம், ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று 500 வாட் வாங்குவதும் திறமை இல்லை. ஆபீஸ் மெஷின் பெரும்பாலான நேரம் 30, 40 வாட்டில் நிற்கும். 500 வாட் யூனிட்டுக்கு அது பத்து சதவீதத்துக்கும் கீழ். 80 பிளஸ் சான்றிதழின் வழக்கமான சோதனையே 20 சதவீத லோடில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே யூனிட்டின் எஃபிஷியன்சி இறங்கும். முழு லோடு யூனிட்டின் 60, 70 சதவீதத்தில் நிற்கும்படி வாங்கினால் போதும்.

6. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தைத் தாண்டிப் படியுங்கள்.

மலிவான லோக்கல் யூனிட்டில் ‘450’ என்று பளிச்சென்று இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் ஒரு அட்டவணை. 12 வோல்ட்டுக்கு நேரே 14 ஆம்பியர் என்று போட்டிருந்தால் பெருக்குங்கள்: 168 வாட். இன்றைய பிராசஸரும் கார்டும் கரன்ட் இழுப்பது இந்த 12 வோல்ட்டிலிருந்துதான். மீதியை 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கூட்டிக் காட்டி எண்ணைப் பெரிதாக்குகிறார்கள். உங்கள் மெஷினுக்கு அவை பயன்படாது. நேர்மையான யூனிட்டில் 12 வோல்ட் ஆம்பியரை 12-ஆல் பெருக்கினால் மொத்த வாட்டுக்குப் பக்கத்தில் வரும். அட்டவணையே இல்லாத யூனிட்டைக் கையில் தொடாதீர்கள். பின்னால் 115/230 என்று சின்னச் சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230-இல் இருக்கிறதா என்று மாட்டும் முன் பாருங்கள். 115-இல் விட்டு நம் ஊர் சாக்கெட்டில் செருகினால் அந்த இடத்திலேயே வெடிக்கும்.

7. மேனேஜரிடம் ரூபாயில் பேசுங்கள்.

‘சார், இது 80 பிளஸ் பிரான்ஸ் ரேட்டிங்’ என்றால் அவருக்கு ஒன்றும் புரியாது. இப்படிச் சொல்லுங்கள்: ஒரு மெஷினின் உள் தேவை 60 வாட் என்றால், 70 சதவீத எஃபிஷியன்சி யூனிட் சுவரிலிருந்து 86 வாட் இழுக்கும், 85 சதவீத யூனிட் 71 வாட் இழுக்கும். வித்தியாசம் 15 வாட். நூறு மெஷின், நாளைக்கு 9 மணி நேரம், வருஷத்துக்கு 300 நாள் என்றால் 4,050 யூனிட். இதை ஆபீஸ் டாரிஃபால் பெருக்கி ஒரே எண்ணாகக் கொட்டேஷனுக்கு மேலே வையுங்கள். ஏ.சி. தள்ள வேண்டிய சூடும் அதே அளவு குறைகிறது. காசுக் கணக்கில் பேசத் தெரிந்த இன்ஜினியரை மீட்டிங்குக்குக் கூப்பிடுவார்கள். ஹார்ட்வேர் மட்டும் பேசுபவர் வெளியே நிற்பார்.

யூ.பி.எஸ். விஷயத்தையும் அதே மெயிலில் சேருங்கள். ஆக்டிவ் பி.எஃப்.சி. உள்ள யூனிட்டுகள் மலிவான யூ.பி.எஸ்.களின் படிக்கட்டு வேவ்ஃபார்மில் சில நேரம் ஒத்துப்போகாது; கரன்ட் போகும் நொடியில் மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். நல்ல சப்ளை முழு லோடில் 16, 17 மில்லி செகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும். ஒரு யூனிட் வாங்கி, யூ.பி.எஸ்.ஸின் மெயின் பிளக்கைப் பிடுங்கிச் சோதித்த பிறகு மீதி ஆர்டரைப் போடுங்கள்.

8. ஒரிஜினலா, கம்பாட்டிபிளா, கழற்றியதா?

ஒரிஜினல் புது யூனிட் கிடைத்தால் அதுதான். பழைய மாடலுக்கு அது கிடைப்பது கஷ்டம். கம்பாட்டிபிள் என்று வருபவற்றில் நல்லதும் உண்டு. எடையும் 12 வோல்ட் ஆம்பியரும் பழையதற்குக் குறையாமல் இருக்கிறதா பாருங்கள். பழைய மெஷினிலிருந்து கழற்றி விற்பதை வாங்க நேர்ந்தால் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள், பில்லும் மூன்று மாத மாற்று உத்தரவாதமும் இல்லாமல் வாங்காதீர்கள். இந்த மூன்றுக்கும் விலையும் வாரன்ட்டியும் போட்டு, எதை வாங்கலாம் என்று உங்கள் முடிவை ஒரே வரியில் எழுதி அனுப்புங்கள். வெறும் மூன்று கொட்டேஷனை ஃபார்வர்டு செய்தால் நீங்கள் தபால்காரர் மட்டுமே.

மைக்ரோ, மினி, டைனி மாடல்களுக்குப் பார்க்க வேண்டியது அடாப்டர். டெல், ஹெச்.பி. 19.5 வோல்ட், லெனோவோ 20 வோல்ட். 65 வாட்டும் 90 வாட்டும் அதிகம் புழக்கத்தில் இருப்பவை. டெல் அடாப்டரின் நடு ஊசி மெஷினிடம் ‘நான் யார்’ என்று சொல்லும். அது பேசாத டூப்ளிகேட்டை மாட்டினால் மெஷின் எச்சரிக்கை காட்டி, பிராசஸர் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். யூசர் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று டிக்கெட் போடுவார், நீங்கள் விண்டோஸைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். அடாப்டரில் பி.ஐ.எஸ். முத்திரையும் ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

9. மாட்டும் நாளில் பத்து பேர் பார்க்கிறார்கள்.

கார்டைப் பிடுங்கி, பவர் பட்டனைச் சில நொடி அழுத்தி மிச்சத்தை வடியவிட்டு, கேபினெட்டின் மெட்டலைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். கேபிள் போன பாதையைக் கழற்றும் முன்பே போட்டோ எடுங்கள். கழற்றிய ஸ்க்ரூக்களை ஒரு மூடியில் போடுங்கள், யூசரின் மேஜையில் இறைக்காதீர்கள். தூசியைத் தட்டுவதை அவர் சாப்பிடப் போகும் நேரத்தில், வெளியே வைத்துச் செய்யுங்கள். மாட்டிய பிறகு அரை மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டுங்கள், ஈவென்ட் வியூவரை இன்னொரு தடவை பாருங்கள். மறுநாள் காலை யூசருக்கு ஒரு போன்: ‘மேடம், சிஸ்டம் எப்படி இருக்கு?’ ஃபீட்பேக் ஃபார்மில் அந்த ஒரு போன் தெரியும்.

10. இன்டர்வியூவில் இதே வேலையை விற்கத் தெரிய வேண்டும்.

‘சிஸ்டம் டெட், என்ன செய்வீர்கள்?’ என்பது ஹார்ட்வேர் இன்டர்வியூவில் வராமல் இருக்காது. ‘எஸ்.எம்.பி.எஸ். மாற்றிப் பார்ப்பேன் சார்’ என்பவர்தான் அதிகம். நீங்கள் வரிசையாகச் சொல்லுங்கள்: வாரன்ட்டி, சாக்கெட், கார்டு, டெஸ்ட் பட்டன், லோடு பிடுங்கிச் சோதனை, நன்றாக ஓடும் யூனிட் மாற்றிச் சோதனை, பார்ட் நம்பர், வாட் கணக்கு. ஒரு மாடல் பெயரோடு சொல்லுங்கள். ரெஸ்யூமேயிலும் ‘ஹார்ட்வேர் டிரபிள்ஷூட்டிங்’ என்ற தேய்ந்த வரியை எடுத்துவிட்டு, எந்த மாடல்கள், எத்தனை மெஷின் உள்ள ஃப்ளோர், ரீஓபன் எவ்வளவு குறைந்தது என்று உங்கள் டிக்கெட் ரெக்கார்டில் இருப்பதை மட்டும் எழுதுங்கள். கேட்டால் காட்ட முடிய வேண்டும்.

இந்த வாரமே உங்கள் ஃப்ளோரில் உள்ள மாடல்களை ஒரு ஷீட்டில் போடுங்கள். மாடல், கேபினெட் வகை, சப்ளை பார்ட் நம்பர், வாட், மெயின் பிளக் பின், வாரன்ட்டி முடியும் தேதி. எந்த மாடல் அதிகம் இருக்கிறதோ அதற்கு இரண்டு ஸ்பேர் யூனிட் ஸ்டாக் வைக்க அப்ரூவல் கேட்டு, அந்த ஷீட்டோடு மேனேஜருக்கு மெயில் போடுங்கள். சி.சி.யில் ஏ.எம்.சி. கோ-ஆர்டினேட்டரையும் சேருங்கள். பக்கத்து சீட்காரர் அதை அனுப்புவதற்கு முன் அனுப்புங்கள்.